வேலையிடத்துப் பரிபூரணவாதத்தைத் தளர்த்துதல்: எட்டு வாரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

எதையும் துளிக் குறையில்லாமல் முடித்தால்தான் நிம்மதி. குறை தென்பட்டால் அது வேலையில் உள்ள குறை அன்று, தன்னிடமே உள்ள குறை. இப்படி எண்ணும் பழக்கத்தைப் பேச்சில் பெர்ஃபெக்‌ஷனிசம் என்கிறோம். இங்கே பரிபூரணவாதம் என்று குறிப்பிடுகிறேன். என்னிடம் அது பல ஆண்டுகள் இருந்தது. அதைத் தளர்த்த நான் செய்தவற்றையும், பின்னர் என்னுடன் பணியாற்றிய சிலர் அதே படிகளைச் செய்தபோது எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். பெரும்பாலோர் "இனி என்னை நானே கடிந்துகொள்ள மாட்டேன்" என்ற தீர்மானத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். இங்கே அது எட்டாவது படியில்தான் வருகிறது. காரணத்தை அங்கே சொல்கிறேன்.

1. தொடங்குவதற்கு முன்: மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலையா?

இரண்டு வாரங்களாக அநேகமாக நாள் முழுவதும் மனம் சோர்ந்திருந்தால், முன்பு பிடித்தவற்றில் ஆர்வம் அற்றுப்போயிருந்தால், தூக்கமும் பசியும் குலைந்திருந்தால், முதலில் மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒரே ஒருமுறை வந்திருந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். இந்த வழிகாட்டி காத்திருக்கலாம். மனச்சோர்வு நோய் இருக்கும்போது, கீழே சொல்லப்போகும் குறிப்பேடு உங்கள்மீது நீங்களே எழுதும் குற்றப்பத்திரிகையாகிவிடும்.

பூட்டை இழுத்துப் பார்ப்பது, கைகழுவுவது, எண்ணிப் பார்ப்பது போன்றவை வேலைக்கு வெளியிலும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன என்றால், அது ஓசிடி எனப்படும் எண்ண சுழற்சி நோயாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. அதை இந்தப் படிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

உங்கள் வேலை நேரத்தையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. அந்த நேரம் உங்கள் தலையில் பிறர் ஏற்றிய சுமையா, செய்ததையே திரும்பச் செய்வதால் வந்ததா என்பது மூன்றாம் படியில் தெரியவரும். பிறர் ஏற்றியதுதான் என்றால், மற்ற படிகளை ஒத்திவைத்துவிட்டு ஒன்பதாம் படிக்குப் போங்கள்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரணக் குறிப்பேடு, அழிக்க முடியாத பேனா, ஒரு கடிகாரம், நாளுக்கு இருபது நிமிடம், வாரம் ஒருமுறை கால் மணி நேரம் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு துணை. துணையாக இருப்பவர் உங்கள் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. "உன் வேலையில் குறையே இல்லையே" என்று உடனே ஆறுதல் சொல்லிவிடுபவராகவும் இருக்கக் கூடாது. ஆறுதல் கேட்டு வாங்குவது இந்தப் பழக்கத்தின் ஒரு கிளை என்பதால்தான் அப்படிச் சொல்கிறேன்.

பேனா என்று குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. ஒருவர் முதல் வாரம் முழுவதையும் கணினியில் அட்டவணை வடிவமைப்பதிலேயே செலவிட்டார். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வண்ணம், தானே கூட்டிக்கொள்ளும் சூத்திரங்கள், முகப்பில் ஒரு வரைபடம். பதிவு ஒன்றுகூட இல்லை. அடித்தல் திருத்தலோடு கிடக்கும் குறிப்பேடே இங்கே முதல் பயிற்சி. ஒரு நாள் எழுதத் தவறினால் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள்; பின்னால் நிரப்பாதீர்கள்.

3. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: என்ன வேலை, எந்த நேரத்தில் அது பயன்படும் நிலைக்கு வந்தது, எந்த நேரத்தில் கையை விட்டு அனுப்பினீர்கள், இடையில் என்ன செய்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள். இரண்டாவது விவரத்தை எழுதுவதுதான் கடினம். "இப்போது யாராவது பிடுங்கிக்கொண்டு போனால் இது உதவுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பழைய பதிவு ஒன்றை அப்படியே தருகிறேன். "செவ்வாய். தாமதத்துக்கு விளக்கம் சொல்லி வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல், ஆறு வரி. 10:12-க்கு அனுப்பத்தக்கதாக இருந்தது. 10:51-க்கு அனுப்பினேன். இடையில் ‘வருந்துகிறேன்’ என்பதை ‘வருந்துகிறோம்’ என்று மாற்றினேன், மறுபடியும் ‘வருந்துகிறேன்’ ஆக்கினேன். இரண்டாம் வரியை மூன்றாம் வரியாக்கி, திரும்ப இரண்டாம் வரியாக்கினேன். பயம்: பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடுவார்கள்." வந்த பதில் இரண்டு சொற்கள்: "நன்றி, பார்க்கிறேன்." முப்பத்தொன்பது நிமிடத்துக்குப் பிறகு அந்த மின்னஞ்சல் 10:12-க்கு எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியேதான் போயிருந்தது.

முதல் வாரத்தில் எதையும் மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம், மாற்றத் தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை அளவு இராது என்பதுதான். அந்த அளவு இல்லாமல் எட்டாம் வாரம் முடியும்போது "பெரிதாக ஒன்றும் மாறவில்லை" என்று மனம் சொல்லும்; அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

இங்கே நேரும் பிழை: அளவுக்கு மீறி உழைத்ததை மட்டும் எழுதி, தள்ளிப்போட்டதை எழுதாமல் விடுவது. நன்றாகச் செய்ய முடியாதென்ற பயத்தில் தொடாமலே கிடக்கும் கோப்பும், கேள்வி முட்டாள்தனமாகத் தோன்றுமோ என்று கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்ததும் பரிபூரணவாதந்தான். என்னைச் "சோம்பேறி" என்று நான் திட்டிக்கொண்டிருந்த நாட்களில் பாதி, இந்த வகையைச் சேர்ந்தவை.

4. உங்களிடம் இருப்பது எந்த வகை?

வார இறுதியில் பயத்தைக் குறித்த பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991-இல் வகுத்த மூன்று பிரிவுகள் இதற்குப் போதும்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது.

வகையைப் பொறுத்து அழுத்தம் தர வேண்டிய படி மாறும். முதல் வகையினர் ஆறாம் படியிலும், இரண்டாம் வகையினர் ஒன்பதாம் படியின் பிற்பகுதியிலும், மூன்றாம் வகையினர் ஏழாம் படியிலும் கூடுதல் நாள் தங்க வேண்டும். பலரிடம் மூன்றும் கலந்திருக்கும். எது மிகுதி என்று பார்த்தால் போதும்.

மூன்றாம் வகைதான் மன உளைச்சலோடு மிக நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிறது. அதுவே பெருகியும் வருகிறது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை 41,000-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் எடுக்கப்பட்ட அளவீடுகளைத் தொகுத்துத் தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வகைகளுமே உயர்ந்திருந்தன, மிக அதிகமாக உயர்ந்தது இந்த மூன்றாம் வகை. அன்றைய மாணவர்கள்தாம் இன்று நம் பக்கத்து மேசைகளில் இருக்கிறார்கள்.

5. இரண்டாம் வாரம்: எந்த வேலையில் தளர்த்தலாம், எதில் கூடாது

"தரத்தைக் குறை" என்ற அறிவுரையைக் கேட்டதும் மனம் முரண்டுபிடிப்பது நியாயமானதே. மருந்தின் அளவு, சம்பளப் பட்டியல், மின்தடை வேலைக்கு முன் செய்யும் பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றில் யாரும் எதையும் தளர்த்தக் கூடாது. ஆகவே வேலைகளைப் பிரித்துவிடுங்கள்: பிழை நேர்ந்தால் திருத்த முடியாத தீங்கு விளைவிப்பவை ஒரு பக்கம், பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளக் கூடியவை இன்னொரு பக்கம், சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் கவனிக்காதவை மூன்றாவது பக்கம்.

முதல் பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு திருத்தம் மட்டும்: அங்கும் சோதனை முறை எழுதிவைத்த பட்டியலாக இருக்கட்டும், மனத்துக்குத் திருப்தி வரும்வரை என்று இருக்க வேண்டாம். பட்டியல் முடிந்தால் சோதனை முடிந்தது.

அநேகமாக எல்லோரும் முதல் பக்கத்தில் வேலைகளை அடுக்கித் தள்ளுவார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "யாருக்கு, என்ன தீங்கு, எப்படி" என்று எழுதச் சொன்னால் பாதி தானாக இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிடும். "எனக்கு அவமானம்" என்பது இந்தக் கணக்கில் தீங்காகாது.

தளர்த்தினால் வேலைத் தரம் சரிந்துவிடும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல். 95 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்றில், பரிபூரணவாதம் கூடுதல் ஊக்கத்தோடும் நீண்ட வேலை நேரத்தோடும், கூடவே களைப்பு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றோடும் சேர்ந்து காணப்பட்டது. பணித்திறனோடு அதற்குக் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. செலவிடும் உழைப்பில் ஒரு பகுதி பலனில்லாத இடத்தில் கொட்டப்படுகிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

6. மூன்றாம் வாரம்: "முடிந்தது" என்பதற்கான விளக்கத்தை முன்கூட்டியே எழுதுங்கள்

இரண்டாம், மூன்றாம் பக்கத்து வேலை எதையும் தொடங்கும் முன், அது எப்போது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பதை மூன்று வரிக்கு மிகாமல் எழுதுங்கள். மாத அறிக்கை என்றால்: "நான்கு எண்களும் மூலப் பதிவோடு ஒருமுறை ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும். சென்ற மாதத்திலிருந்து என்ன மாறியது என்பது ஒரு பத்தியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம், ஒன்றரை மணி நேரம்."

முன்கூட்டியே எழுத வேண்டும் என்பதில் நான் கறாராக இருக்கக் காரணம், வேலையின் நடுவே பதற்றம் ஏறும்போது எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகும் என்பதுதான். எழுதாவிட்டால் "சரியாக இருப்பதுபோல் தோன்ற வேண்டும்" என்பதே ஒரே அளவுகோலாகும். அந்தத் தோற்றம் சோர்ந்திருக்கும் நாளில் வரவே வராது.

நிர்ணயித்த தேவை நிறைவேறியதும் தேடலை நிறுத்துவது, ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருப்பதைவிட மனித அறிவின் வரம்புக்குப் பொருத்தமானது என்று பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956-இலேயே விளக்கியிருக்கிறார். அவர் பேசியது முடிவெடுப்பதைப் பற்றி. ஆனால் அறிக்கை எழுதுவதும் நூறு சிறு முடிவுகள்தாமே.

விளக்கத்தைத் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். வேலையைப் பெறப்போகிறவரிடம் கேளுங்கள். "இதை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள், எந்தப் பகுதி உங்களுக்கு அவசியம்?" என்ற ஒரே கேள்வி போதும். நான் ஒரு மாதம் வண்ணம் தீட்டிய வரைபடங்களைப் பற்றிக் கேட்டபோது, அவர் முதல் பக்கத்தின் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். அன்று எனக்குக் கோபந்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

7. நான்கு முதல் ஆறாம் வாரம் வரை: சிறு சோதனைகள்

இந்த வழிகாட்டியின் நெஞ்சம் இந்தப் படிதான். சிபிடி எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் சிகிச்சையில் பயன்படும் முறையே இது: பயத்தோடு வாதாடாமல், அதை ஒரு கணிப்பாக எழுதி, செயலில் சோதித்துப் பார்ப்பது.

முதலில் பத்துச் செயல்களை எளியதிலிருந்து கடினமானது வரை ஏணிப்படிபோல் அடுக்குங்கள். சக ஊழியருக்குச் செல்லும் குறுஞ்செய்தியை மறுபடி படிக்காமல் அனுப்புவது கீழ்ப்படியாகலாம். பாதி முடிந்த வரைவை மேலதிகாரியிடம் காட்டிக் கருத்துக் கேட்பது மேல்படியாகலாம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று சோதனைகள் போதும். உற்சாகத்தில் மேல்படியிலிருந்து தொடங்கியவர்கள் அதோடு நிறுத்திவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் முன் கணிப்பை இரண்டாகப் பிரித்து, விழுக்காட்டோடு எழுதுங்கள். "ஒருமுறை மட்டும் படித்து அனுப்பினால் எழுத்துப்பிழை இருக்கும்: 80. அதைப் பார்த்து அடுத்த வேலையை என்னிடம் தர மாட்டார்: 50." நான் இதைச் செய்தபோது முதல் கணிப்பு பலித்தது, ஒரு சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதை யாரும் குறிப்பிடவில்லை. வியாழக்கிழமை அடுத்த வேலை வந்தது. பிரிக்காமல் எழுதியிருந்தால், "பார்த்தாயா, பிழை வந்துவிட்டது" என்பதோடு மனம் வழக்கை முடித்திருக்கும். பிழை வருமென்ற கணிப்பு அடிக்கடி பலிக்கும். விளைவைப் பற்றிய கணிப்பு அரிதாகவே பலிக்கும். கற்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

பலர் சோதனையைச் செய்துவிட்டு, தமக்கே தெரியாமல் அதை ரத்தும் செய்துவிடுகிறார்கள். ஒருமுறை படித்து அனுப்பிய ஒருவர், அனுப்பியவற்றின் கோப்புறையைத் திறந்து அதே மின்னஞ்சலை நான்கு முறை படித்தார். இன்னொருவர் "அவசரத்தில் எழுதியது, மன்னிக்கவும்" என்ற வரியைச் சேர்த்தார். இரண்டிலும் ஆபத்திலிருந்து தப்பியதற்கான பெருமை அந்தக் காப்பு நடவடிக்கைக்குப் போய்விடும். பயம் அப்படியே இருக்கும்.

திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதால் உறுதி கூடும் என்று நமக்குத் தோன்றுகிறது, நடப்பது வேறு. மார்செல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் இருவரும் 2003-இல் வெளியிட்ட சோதனையில், கணினித் திரையில் தெரிந்த எரிவாயு அடுப்பைப் பங்கேற்பாளர்கள் மீண்டும் மீண்டும் சரிபார்த்தார்கள். அவர்களுடைய நினைவின் துல்லியம் குறையவில்லை. ஆனால் அந்த நினைவின் தெளிவும் அதன்மீது அவர்களுக்கிருந்த நம்பிக்கையும் குறைந்தன. ஐந்தாம் முறை படிக்கும்போது சந்தேகம் வலுப்பதற்குக் காரணம் மின்னஞ்சலில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அனுப்பியபின் பதற்றம் ஏறினால் அதைத் தணிக்க எதுவும் செய்யாமல் அடுத்த வேலையைத் தொடங்குங்கள். பெரும்பாலும் அது தானாகவே இறங்கும். எத்தனை மணிக்கு இறங்கியது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.

8. ஆறாம் வாரத்திலிருந்து: பிழை நேர்ந்தபின் செய்ய வேண்டியவை

சோதனைகளின் ஊடே உண்மையான பிழை ஒன்று வரும். வரும் என்று எதிர்பார்த்தே நடைமுறையை முன்னதாக எழுதிவையுங்கள்: திருத்துவது, பாதிக்கப்பட்டவரிடம் ஒருமுறை சொல்வது, மூடுவது. மன்னிப்பு ஒரே முறை. நான்காம் முறை கேட்கும் மன்னிப்பு, எதிரிலிருப்பவர் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குகிறது.

தன்னைக் கடிந்துகொள்ளும் குரலைப் பற்றிய வேலை இப்போதுதான். நடந்ததை இரண்டு வாக்கியத்தில் எழுதி, அதன் கீழே உள்குரல் சொன்னதை அப்படியே எழுதுங்கள். பிறகு அதே பிழையை உங்கள் கீழ் பணிபுரியும் புதியவர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ அதையும் எழுதுங்கள். முதல் வாரத்திலேயே இதைச் செய்தவர்களுக்கு அது வெறும் இனிப்பு வார்த்தையாகத்தான் பட்டது. சோதனை முடிவுகள் கையில் இருக்கும்போது, அந்தக் குரலிடம் காட்டச் சான்று இருக்கிறது.

வெற்றியையும் எழுத வேண்டும். உளவியலாளர் ரோஸ் ஷாஃப்ரனும் அவருடைய சகாக்களும் 2002-இல் விளக்கியதுபோல, பரிபூரணவாதி தன் இலக்கை எட்டிவிட்டால், இலக்கே எளிதாக இருந்தது என்று முடிவுகட்டி அதை உயர்த்திவிடுகிறார். ஆகவே எட்டிய இலக்கின் எதிரே தேதியைப் போட்டு, அடுத்த நான்கு வாரங்களுக்கு அதை உயர்த்துவதில்லை என்று எழுதுங்கள்.

9. ஏழாம் வாரம்: மேலதிகாரியிடம் பேசுவது, நீங்களே மேலதிகாரி என்றால்

நோயின் பெயரையோ மனநிலையையோ சொல்லித் தொடங்க வேண்டியதில்லை; அதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. வேலையைப் பற்றிப் பேசுங்கள்: "சார், இந்த அறிக்கைக்கு எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. இந்த இரண்டு பகுதிகளை விட்டுவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். ஒரு மாதம் அப்படித் தந்து பார்க்கலாமா?" மூன்றாம் படியின் பதிவு இங்கேதான் கைகொடுக்கும்; எண்ணில்லாமல் போனால் அது முறையீடாகக் கேட்கும்.

சிறு பிழைக்கும் எல்லோர் முன்னிலையிலும் அவமதிக்கும் இடத்தில் ஏழாம் படியின் சோதனைகள் பொருந்தாது, ஏனெனில் அங்கே பயம் உண்மையையே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் தன் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், பர்ன்அவுட் என்னும் பணிச்சோர்வை நோயாகப் பட்டியலிடாமல், சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தால் விளையும் நிலை என்று வரையறுக்கிறது. அந்த அழுத்தத்தின் ஊற்று பணியிடத்தில் இருக்கும்போது, ஊழியர் குறிப்பேட்டில் எழுதிமட்டும் அதைத் தீர்க்க முடியாது. இடமாற்றம், பணிமாற்றம், புகார் ஆகியவற்றைப் பற்றித்தான் அங்கே யோசிக்க வேண்டும்.

நீங்கள் பிறர் வேலையைத் திருத்துபவர் என்றால், ஒவ்வொரு குறிப்புக்கும் முன் "அவசியம்" அல்லது "என் விருப்பம்" என்று எழுதுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தபோது என் குறிப்புகளில் முக்கால்வாசி "என் விருப்பம்" என்றே இருந்தன. அந்த வகைக் குறிப்புகளை அனுப்பாமல் விட்டேன். கேட்டு வந்தவர் யாருமில்லை.

10. எட்டாம் வாரம்: மறுபடியும் அளவிடுங்கள்

முதல் வாரத்தைப்போலவே ஐந்து நாள் பதிவு செய்து, பயன்படும் நிலைக்கும் அனுப்பிய நேரத்துக்கும் இடைப்பட்ட நிமிடங்களை ஒப்பிடுங்கள். தூக்கத்தையும், தள்ளிப்போட்ட வேலைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். மனநிலை எப்படி இருக்கிறது என்ற பொதுக் கேள்வியை அளவுகோலாக்க வேண்டாம்; அது அன்றைய நாளைப் பொறுத்து மாறும்.

இடைவெளி குறையவே இல்லை என்றால், அல்லது சோதனைகளையே தொடங்க முடியவில்லை என்றால், அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் இந்தக் குறிப்பேட்டோடு போங்கள். முதல் சந்திப்பில் அவர் கேட்கப்போகும் கேள்விகள் பலவற்றுக்கு விடை அதில் இருக்கும்.

புது வேலை, பதவி உயர்வு, ஆண்டு மதிப்பீடு நடக்கும் மாதம் ஆகிய மூன்று தருணங்களில் பழைய வழக்கம் திரும்ப வரும். அப்போது எல்லாப் படிகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மூன்று நாள் பதிவு, ஏணியின் நடுப்படியிலிருந்து இரண்டு சோதனைகள், அவ்வளவுதான். பழைய குறிப்பேட்டிலேயே மீதிப் பக்கங்களில் எழுதுங்கள். புதிதாக ஒன்று வாங்கத் தோன்றும், வாங்காதீர்கள்.